இதயத்துக்குப் புதுக் கன்று



மாரடைப்பில் செத்த இதயத் தசை திரும்ப முளைக்காது. அந்த இடம் தழும்பாகிவிடும். பிறகு மேடு ஏறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். தேயிலைச் செடி பட்டுப்போன இடத்தில் நாம் புதுக் கன்று நடுவது போல, அங்கேயும் நட்டால் என்ன என்று வைத்தியர்கள் யோசித்தார்கள்.

2000ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் டொக்டர் பிலிப் மெனாஷே, ஒரு நோயாளியின் தொடைத் தசை அணுக்களை எடுத்து வளர்த்து, இதயத் தழும்பில் ஊசியால் வைத்தார். ஆனால் இந்த வைத்தியம் செய்த சிலருக்குத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானது. ஒரு காரணம், தொடைத் தசை அணு இதய அணுவோடு சேர்ந்து துடிப்பதில்லை. தப்புச் சத்தம் கேட்டும் பெரட்டுக்கு வராத ஆள் மாதிரி!

இங்கேதான் மரபணு உதவுகிறது. இதய அணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் புரதம் ‘கொனெக்சின் 43’. அதற்கான மரபணுவைத் தசை அணுவில் சேர்த்து எலிகளுக்கு வைத்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில் ஆபத்தான துடிப்பு குறைந்தது.

மனிதருக்கு இது இன்னும் வழக்கமான வைத்தியம் ஆகவில்லை. ‘செல் ஊசி’ என்று யாரும் காசு கேட்டால் கொடுக்காதீங்க. நெஞ்சு இறுக்கி வியர்த்தால் ‘வாயு’ என்று ஓமத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்காதீங்க. அன்றைய பேர் போகுதே என்று பார்க்காமல், டிஸ்பென்சரிக்குச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. பிந்தாமல் போனால் மிச்சத் தசையைக் காப்பாற்றலாம்.