செட்டியாரின் பேரேடு

போடிநாயக்கனூர்

அன்புள்ள மாப்ள,

பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பிள்ளைகளுக்கு 'சதுரங்க வேட்டை' போட்டுக் காட்டப் போகிறாயாம், உன் அம்மா சொன்னாள். தாராளமாகப் போடு. 2014-இல் எச். வினோத் எடுத்த படம். காந்தி பாபு மண்ணுளிப் பாம்பு விற்பான், சங்கிலித்தொடர் வியாபாரத்துக்கு ஆள் பிடிப்பான், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கூடவே அவன் சாமர்த்தியத்துக்குக் கைதட்டவும் செய்வார்கள். அந்த இடத்தில் படத்தை நிறுத்து.

நிறுத்திவிட்டு, பாம்பை வாங்கிய செட்டியாரின் பேரேட்டை எழுதச் சொல். முதல் எங்கிருந்து வந்தது, யார் நகை அடகில் கிடக்கிறது, வட்டி என்ன? அடுத்து, ஆள் பிடிக்கிற கம்பெனிக்கு வரவு எதிலிருந்து என்று கேள். 2012-இல் பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணைகள் சாய்ந்ததும் இப்படித்தான். கறிக்குச் சொல்லும்படியான சந்தை இல்லை. புதிதாகப் பணம் கட்டியவன் காசுதான் பழைய ஆளுக்கு மாதப் பணமாகப் போனது.

இதைப் பார்த்துவிட்டு லாபம் என்றாலே திருட்டு என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடக் கூடாது. விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகள் உன் வகுப்பில் இருப்பார்கள். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் தொட்டது. முந்தின வருஷத்து வெள்ளமும் பிறகு வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்திருந்தன. 2021 முடிவதற்குள் ஆயிரத்தை ஒட்டி விழுந்தது. ஏறியபோதும் இறங்கியபோதும் யாரும் யாரையும் ஏமாற்ற வேண்டியிருக்கவில்லை.

சாயம் ஏற்றுவது வேறு. நனைத்த பஞ்சால் காயைத் தேய்த்துக் காட்டு. பச்சை ஒட்டினால் அது சாயக் காய். மின்னணு ஏலத்தில் வியாபாரி மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. மாதிரியை உள்ளங்கையில் கொட்டி, 8 மில்லிமீட்டருக்கு மேல் எவ்வளவு தேறும், நிறம் எப்படி, ஒரு லிட்டர் காயின் எடை என்ன என்று பார்த்துவிட்டு கணினியில் விலை போடுகிறார். மூட்டைக்குள்ளும் அதே காய்தான் என்ற நம்பிக்கையும் அந்த விலைக்குள் இருக்கிறது. ஒருவன் சாயத்தில் சிக்கினால், பக்குவமாக உலர்த்திய பக்கத்துத் தோட்டக்காரன் சரக்கையும் சந்தேகத்தோடு குறைத்துத்தான் கேட்பார்கள். செட்டியாராவது ஆசைப்பட்டு வாங்கினார். இவன் என்ன பாவம் செய்தான்? இதைப் பிள்ளைகள் விவாதிக்கட்டும், நீ குறுக்கே பேசாதே.

படத்தை ஒரே மூச்சில் ஓட்டாமல் நாலு வகுப்பாகப் பிரித்துக்கொள். கடைசி வகுப்பை ஏல மையத்தில் வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன். சல்லடையும் லிட்டர் படியும் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
மாமா