படேவியக் காது

நாகப்பட்டினம்

அன்புள்ள கயல்,

டெல்ஃப்டிலிருந்து நீ அனுப்பிய குரல் செய்தியை இரண்டு தடவை கேட்டேன். "மாமா, இவங்க எதையும் முகத்துக்கு நேரா சொல்லிடறாங்க. ஒரு காபிக்குக்கூடக் கணக்குப் பார்க்கறாங்க. டச்சுக்காரங்கன்னாலே இப்படித்தானா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த நாட்டில் ஐந்நூறு வருஷமாக இதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அவர்களுடைய குணத்தைவிட, அந்தப் பதில்களின் கதைதான் பிடிக்கும்.

ஒரு காதிலிருந்து தொடங்குகிறேன். நயம் தெரியாத முரட்டுக் காதைப் 'படேவியக் காது' என்று கேலி செய்தார் ரோமானியக் கவிஞர் மார்ஷியல். படேவியர் ரைன் நதியின் கழிமுகத்தில், இன்றைய நெதர்லாந்தில், வாழ்ந்த ஒரு பழங்குடி. ரோமாபுரிக்காரர்கள் கண்ணுக்குப் பட்டிக்காட்டார். ராட்டர்டாம்காரரான அறிஞர் எராஸ்மஸ் 1508-இல் தம் பழமொழித் தொகுப்பில் இந்த வசவை எடுத்துத் திருப்பிப் போட்டார். ஆபாசப் பகடிக்கு மசியாத காது என்றால், இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார். எங்கள் ஜனங்கள் சூதுவாது அறியாதவர்கள், விருந்தில் மட்டும் கொஞ்சம் அதிகமாகத் திளைப்பவர்கள் என்றும் எழுதினார். உன் அறைத்தோழிகளின் 'முகத்துக்கு நேரே'வுக்கு இந்தக் காதுதான் கொள்ளுத்தாத்தா என்பது என் ஊகம்.

பிறகு, தங்களை ஆண்ட ஸ்பெயின் மன்னனை எதிர்த்து டச்சுக்காரர்கள் கலகம் செய்தார்கள். 1581-இல் அவனை அரசனாக ஏற்க மறுத்தார்கள். ராஜா இல்லாத குடியரசு என்றால் அன்றைய ஐரோப்பாவில் பூர்வீகம் கேட்பார்கள். பூர்வீகம் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸின் நூலில் தயாராக இருந்தது. கி.பி. 69-இல் ஒற்றைக்கண் தலைவன் சிவிலிஸின் கீழ் படேவியர்கள் ரோமை எதிர்த்து எழுந்த கதை அது. எங்கள் சுதந்திரம் புதிதல்ல, படேவியர் காலத்திலிருந்தே வருவது என்று 1610-இல் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் ஒரு புத்தகமே எழுதினார். 1619-இல் ஜாவாவில் பிடித்த ஊருக்கும் படேவியா என்றே பெயரிட்டார்கள். இன்றைய ஜகார்த்தா அதுதான். ஆம்ஸ்டர்டாம் நகரமன்றத்துக்காக ரெம்பிராண்ட் சிவிலிஸை வரைந்தார். மற்ற ஓவியர்கள் பக்கவாட்டில் காட்டி மறைத்த குருட்டுக் கண்ணை இவர் நேருக்கு நேர் காட்டினார். கொஞ்ச காலத்திலேயே படத்தைக் கழற்றிவிட்டார்கள். வெட்டுப்பட்டு மிஞ்சிய துண்டு இப்போது ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. மூதாதை வேண்டும்தான், ஆனால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமாம்.

இதில் ஒரு வேடிக்கை. படேவியர் வாழ்ந்தது பெரும்பாலும் கிழக்கே, நைமேகன் பக்கம். அவர்களைச் சொந்தம் கொண்டாடியதோ மேற்கே ஹாலந்து மாகாணம். எங்கள் பாட்டனை நீங்கள் தூக்கிக்கொண்டு போவதா என்று நைமேகன் அறிஞர்கள் சண்டைக்கே போனார்கள். பணமும் கப்பலும் ஹாலந்திடம் இருந்தன; பாட்டனும் அங்கேயே போய்விட்டான். நம்மவர்களும் அந்த ஒரு மாகாணத்தின் பெயரை வைத்துத்தான் எல்லாரையும் 'ஒல்லாந்தர்' என்றார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருமை வடிந்தபின், பொட்கீட்டர் என்ற எழுத்தாளர் யான் சாலி என்று ஒரு பாத்திரத்தைப் படைத்தார். ஒரு வீட்டின் கடைக்குட்டி, சோம்பேறி, எதிலும் பிடிப்பில்லாதவன். நாட்டின் நோயே இவன்தான், முன்னோரின் ஊக்கம் எங்கே போனது என்பது அவர் ஆதங்கம். 2006-இல் பிரதமர் பால்கனேண்டேயும் நாடாளுமன்றத்தில் இதே ராகம்தான் பாடினார். டச்சு கிழக்கிந்திய கம்பெனியின் மனோபாவம் நமக்கு மறுபடி வேண்டும் என்றார். எல்லை தாண்டிப் பார்க்கும் துணிச்சலை அவர் நினைத்திருக்கலாம். அதைப் படித்தபோது நான் நம் ஊர்க் கடற்கரையை நினைத்தேன். கம்பெனி 1658-இல் நாகையைப் பிடித்தது. அடுத்து வந்த தஞ்சைப் பஞ்சத்தில் வயிற்றுக்கில்லாத ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் படேவியாவுக்கும் கப்பலேற்றியது. அந்த மனோபாவத்துக்கு இந்தப் பக்கமும் உண்டு. அவருடைய பேச்சுக்கு அங்கேயே கண்டனம் எழுந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பதில் ஹொய்சிங்காவுடையது. லைடன் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர். எங்கள் மனம் 'பர்கர்' மனம், அதாவது கடைத்தெருவும் வீட்டு முற்றமும் அறிந்த நடுத்தர நகரத்தானின் மனம், வீராவேசம் எங்களுக்கு ஒட்டாது என்று அவர் 1930-களில் எழுதினார். (இலங்கையின் பர்கர் சமூகத்துக்குப் பெயரானது இதே சொல்தான்.) தனியே படித்தால் தற்பெருமை போலத் தோன்றும். எழுதிய வருஷத்தோடு சேர்த்துப் படி. பக்கத்தில் ஹிட்லர். உள்நாட்டிலோ 1935 மாகாணத் தேர்தலில் நாஜிகளின் தோழமைக் கட்சி ஏறக்குறைய எட்டு சதவீதம் வாங்கியிருந்தது. சீருடைக்கும் கொடிக்கும் மயங்குவது நம் சுபாவமல்ல என்று தன் மக்களிடம் சொல்ல, தேசிய குணம் என்ற பழைய பேச்சையே அவர் ஆயுதமாக எடுத்தார். 1942-இல் ஜெர்மானியர் அவரைப் பிணையாகப் பிடித்து அடைத்தார்கள். பிறகு லைடனுக்குத் திரும்ப விடவில்லை. 1945 பிப்ரவரியில், நாடு விடுதலையாகச் சில மாதங்கள் இருக்கையில், இறந்தார்.

போல்டர், அதாவது அணைகட்டி நீரிலிருந்து மீட்ட நிலம்; அதன் கதையையும் உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். கடலை அணைகட்டித் தடுக்க எல்லாரும் கூடிப் பேசியே ஆக வேண்டும், அதனால் சமரசம் எங்கள் ரத்தத்தில் ஊறியது என்பார்கள். நீர் வாரியங்கள் இடைக்காலம் தொட்டு இருப்பது நிஜம். ஆனால் 'போல்டர் மாதிரி' என்ற பேச்சு பரவியது 1990-களில்தான். இதே சமரசக்காரர்கள் 1672-இல் ஹேக் நகரத் தெருவில் தங்கள் தலைவராக இருந்த யோஹான் டி விட்டையும் அவர் அண்ணனையும் அடித்துக் கொன்று கிழித்தார்கள்.

2007-இல் இளவரசி மாக்ஸிமா, அர்ஜென்டினாவிலிருந்து மருமகளாக வந்தவர், 'டச்சுக்காரர் என்று தனியாக ஒருவர் கிடையாது' என்றார். நாடே கொதித்தது. கொதித்த விதத்தில் எனக்கு அந்தப் பழைய காது தெரிந்தது: மருமகள் என்றும் பாராமல் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

நேரம் கிடைத்தால் ஆர்னமிலிருந்து நைமேகனுக்கு ரயிலில் போ. நடுவே வரும் பழத்தோட்டப் பூமிக்கு பேட்டுவே என்று பெயர். படேவியர் பெயர் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏப்ரலில் போனால் மரங்கள் பூத்திருக்கும். அங்கே யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால், நீங்கள் ஹாலந்துக்காரரா என்று மட்டும் கேட்டு வைக்காதே.

அன்புடன்,
மாமா