பரிசல் கரையில் மோதிய பின் செய்ய வேண்டிய பரிசோதனை

பரிசல் ஓட்டியும் பரிசலில் சென்று மீன் பிடித்தும் ஜீவிக்கும் அங்கத்தினர்களுக்கு, பரிசல் வாங்கும் நாளில் உள்ள கவனம் அது கரையில் மோதிய நாளில் இருப்பதில்லை. வாங்கும்போது மூங்கிலை வளைத்துப் பார்க்கிறார்கள். நாலுபேரைக் கூட்டி வந்து அபிப்பிராயம் கேட்கிறார்கள். பாறையில் இடித்த அன்றோ, உள்ளே தண்ணீர் வரவில்லை என்று கண்டதும் திருப்தியடைந்து, அடுத்த சவாரிக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். தண்ணீர் வராதது பரிசலுக்குச் சேதமில்லை என்பதற்கு அத்தாட்சியாகாது என்பதே இப்பாடத்தில் சொல்ல வந்த விஷயம்.

நந்தி மலைப் பக்கத்தில் உற்பத்தியாகும் தென்பெண்ணை, கர்நாடகத்தைக் கடந்து கொடியாளத்தருகே தமிழ்நாட்டில் நுழைந்து, ஓசூரையடுத்த கெலவரப்பள்ளி அணையையும், பின்னர் 1957-இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அணையையும் அடைகிறது. மேற்கே காவிரி, பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கல்லுக்கு இறங்குகிறது. கிருஷ்ணகிரி அணையில் வலை போடுவோருக்கும், ஒகேனக்கல்லில் பிரயாணிகளை ஏற்றுவோருக்கும் பரிசலே வாகனம். இவ்விரண்டு இடங்களிலும் மோதல் நேரும் விதம் வேறு. அணையில் நீர்மட்டம் ஏறி இறங்குந்தோறும் கரை இடம் மாறுகிறது. நேற்று முழங்கால் ஆழத்தில் கிடந்த கல் இன்று நீர்மட்டத்துக்கு நாலு விரற்கடை கீழே மறைந்து நிற்கும். ஒகேனக்கல்லிலோ, ஒரே துடுப்பினால் செலுத்தப்படும் வட்டமான பரிசலை நீரோட்டம் சுழற்றிக் கொண்டுபோய்ப் பாறையில் பக்கவாட்டில் அறைகிறது. முன்னதில் அடிப்பாகமும், பின்னதில் பக்கமும் விளிம்பும் அடிபடுகின்றன. ஆகையால் சோதிக்கத் தொடங்குமுன், பரிசல் எப்படி மோதிற்று, அப்போது எத்தனை பேர் உள்ளிருந்தனர் என்று ஓட்டியவரைக் கேட்டு, அடிபட்ட இடத்தைச் சுண்ணாம்பினால் குறித்துக் கொள்ளல் வேண்டும்.

பரிசலின் பலம் முழுவதும் மூங்கிற் பின்னலில் இருக்கிறது. மேலே போர்த்தியிருப்பது, முற்காலத்தில் தோலாயினும், இக்காலத்தில் தார் பூசிய பிளாஸ்டிக் விரிப்பாயினும், நீரைத் தடுக்குமேயன்றிப் பாரத்தைத் தாங்காது. போர்வை வளைந்து கொடுக்கும். மூங்கில் ஓர் எல்லைவரை வளைந்து பின்பு முறியும். எனவே பின்னல் முறிந்தும் போர்வை கிழியாமல் இருப்பது சர்வ சாதாரணம். அப்பரிசல் கரையோரத்தில் நன்றாகவே மிதக்கும். எட்டுப்பேர் ஏறி நடு ஆற்றுக்குச் சென்றபின், முறிந்த பிளாச்சின் கூர்முனை போர்வையைக் குத்தும்போதுதான் உண்மை வெளிப்படும்.

பெரிய கப்பல்களுக்கும் இதுவே கதி. காப்டன் குக் என்னும் ஆங்கிலேய மாலுமியின் ‘எண்டெவர்’ கப்பல் 1770 ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடலில் பவழப் பாறையில் ஏறி மாட்டிக்கொண்டது. பாரத்தைக் கடலில் எறிந்து அதை மீட்டு, ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் கரையேற்றிப் பார்த்தபோது, பாறைத் துண்டு ஒன்று உடைந்து துவாரத்திலேயே செருகிக்கொண்டு அதை அடைத்திருந்தது! அதைப் பழுதுபார்த்து மேலே சென்றனர். சில மாதங்களுக்குப் பின் பட்டேவியா துறைமுகத்தில் கப்பலைச் சாய்த்து அடிப்பாகத்தைச் சோதித்தபோதோ, சில பலகைகளில் 1/8 அங்குல கனமே எஞ்சியிருக்கக் கண்டனர். அதுவரை அவர்களுக்கும் கடலுக்கும் இடையே அவ்வளவே இருந்தது. நமது பரிசலில் அப்பாறைத் துண்டின் வேலையைச் சேறு செய்கிறது. அடியில் அப்பிய களிமண் சிறு பொத்தலை அடைத்து, ஒருநாள் இருநாள் ஏமாற்றி வைக்கும்.

ஆகவே முதல் வேலை, பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்துச் சேற்றைக் கழுவி உலர விடுவது. உலர்ந்தபின் நல்ல வெயிலில் ஒருவர் கவிழ்த்த பரிசலுக்குள் நுழைந்து, விளிம்பைத் தரையோடு ஒட்டவைத்து அண்ணாந்து பார்த்தால், ஊசித் துவாரமும் நட்சத்திரம்போல் தெரியும். இது செலவில்லாத சோதனை. சிறுவர்களும் விருப்பத்துடன் செய்வார்கள்.

அடுத்தது பின்னல். இதை உட்புறத்திலிருந்தே பார்க்க வேண்டும். வெளியிலிருந்து கல் இடிக்கும்போது பிளாச்சு உள்நோக்கி வளைகிறது. அப்போது இழுபடுவது அதன் உள்முகம். நார் முதலில் விடுவதும் அங்கேதான். உள்ளே விரித்த சாக்கையும் தட்டியையும் எடுத்து விட்டு, குறித்த இடத்திலிருந்து ஒவ்வொரு பிளாச்சாக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே விளிம்புவரை செல்க. ‘நெறுக்’கென்ற ஓசையோ, மற்றவற்றினும் அதிகமாக அமுங்குவதோ முறிவின் அடையாளம். இடிபட்ட இடத்தோடு நின்றுவிடலாகாது. பின்னல் அதிர்ச்சியைக் கடத்திக்கொண்டு போவதால், பிளாச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடும் அடுத்த மடிப்பிலோ, விளிம்புக் கட்டிலோ முறிவு நேரிடலாம்.

பின்பு ஒரு கயிற்றால் வாயின் விட்டத்தை மூன்று திசைகளில் அளக்க. கையால் பின்னும் பரிசல் எதுவும் சுத்த வட்டமாயிராது. ஆகையால் இன்றைய அளவை மட்டும் கொண்டு ஒன்றும் அறிய முடியாது. பரிசல் வாங்கிய நாளிலேயே மூன்று அளவுகளையும் சங்கத்தின் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தால்தான், சட்டம் கோணிற்றா இல்லையா என்று சொல்ல இயலும். கடன் பத்திரத்தில் பரிசலின் விலையை எழுதும் காரியதரிசிக்கு இதையும் எழுதுவது பெரிய சிரமமன்று.

கடைசியாக பாரச் சோதனை. ஆட்களை ஏற்றாமல், வழக்கமாக ஏற்றும் ஆட்களின் எடைக்குச் சமமான மணல் மூட்டைகளைப் பரப்பி வைத்து, இடுப்பளவு நீரில் கயிற்றால் கட்டி அரைமணி நேரம் விடுக. வெறும் பரிசல் உயர்ந்து மிதப்பதால், பக்கத்தில் அடிபட்ட இடம் நீருக்கு மேலேயே நின்றுவிடும். பாரம் ஏற்றினால்தான் அது நீருள் அமிழும்.

ஃபைபர் பரிசல் வைத்திருப்போர், மூங்கில் இல்லையென்று அலட்சியமாயிருக்கலாகாது. இடிபட்ட ஃபைபரில் மேல் பூச்சு சிலந்திவலைபோல் விரிசல் விட்டிருந்தாலும், வெளிறியிருந்தாலும், உள் அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். சந்தையில் பானை வாங்கும் பெண்கள் செய்வதுபோல, ஒரு நாணயத்தால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்ற ஓசை திடீரென மந்தமாகும் இடத்தில் அடுக்கு பிரிந்திருப்பதாகச் சந்தேகித்து, வேலை தெரிந்தவரிடம் காட்டுக.

முறிவு கண்ட இடத்தில் தாரை மட்டும் தடவி மூடுவது, புண்ணின்மேல் சட்டை போடுவதற்கு ஒப்பாகும். முறிந்த பிளாச்சின் இருபுறமும் இரண்டிரண்டு மடிப்புக்கு அப்பால் செல்லும்படி துணைப் பிளாச்சு வைத்துக் கட்டியபின்பே போர்வையை ஒட்ட வேண்டும். ஈரத்தின்மேல் தார் பிடிக்காது.

இவையெல்லாம் பரிசல்காரர் அறியாதவையல்ல. நம்மைவிட அவர்களுக்கே மூங்கிலின் குணம் நன்றாகத் தெரியும். தடையாயிருப்பது அன்றாடக் கூலி. நீர்வரத்து அதிகரித்துப் பரிசல் இயக்கத் தடை விதிக்கப்படும் நாட்களில் வருமானமே இல்லை. தடை நீங்கிய நாளில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார யாருக்கு மனம் வரும்? எனவே மோதிய பரிசல் மறுபடி இறங்கலாமா என்பதை அதன் உடையவர் ஒருவரே முடிவு செய்யும்படி விடுவது நியாயமன்று. அது அவரைப் பசிக்கும் பயத்துக்கும் நடுவில் நிறுத்துவதாகும். சங்கத்தார் இருவர் வந்து பார்ப்பதென்றும், சோதனை முடியும்வரை மாற்றுப் பரிசல் ஒன்றைச் சங்கமே கொடுப்பதென்றும் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் செய்து கொள்ளலாம். மாற்றுப் பரிசல் வாங்கும் செலவை அங்கத்தினர் எல்லோரும் சவாரிக்கு இவ்வளவு என்று சிறுகச் சிறுகச் செலுத்தித் தீர்க்கலாம். சோதித்த தேதி, அடிபட்ட இடம், செய்த பழுது, பார்த்த இருவரின் கையொப்பம் ஆகிய நான்கும், விட்டத்தின் அளவுகளை எழுதிய அதே பக்கத்தில் பதிவாக வேண்டும்.