சிங்கப்பூரில் வேலை: விமானம் ஏறும் முன் போட வேண்டிய கணக்கு

திருச்சியில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம். இறங்கினால் தமிழ் அறிவிப்பு, தமிழ்ப் பலகை, சிராங்கூன் சாலையில் மல்லிகைப்பூ. ஊர் நமக்குப் பழக்கமானதுதான், விலைவாசிதான் பழக்கமில்லாதது. தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் தீவு அது. “சம்பளம் எவ்வளவு?” என்று நாலு பேரிடம் விசாரிக்கும் நாம், முதல் சம்பளம் கைக்கு வரும்வரை எவ்வளவு செலவாகும் என்று ஒருவரிடமும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கான விடைதான் இந்தக் கட்டுரை. சிங்கப்பூர் டாலரை அங்குள்ள வழக்கப்படி வெள்ளி என்றே எழுதுகிறேன். வெள்ளியின் விலை ஏறி இறங்கும். ஆகவே போகும்போது வாங்குவதற்கு 72 ரூபாய், வீட்டுக்கு அனுப்புவதற்கு 65 ரூபாய் என்று இரண்டு விதமாகக் கணக்கு வையுங்கள். அப்போது எந்தப் பக்கம் போனாலும் கையைக் கடிக்காது.

முதலில், எந்த பாஸ்?

உங்கள் செலவுக் கணக்கை முடிவு செய்வது உங்கள் பாஸ்தான். பட்டதாரிகள், நிர்வாகிகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித்துறை என்றால் 6,200. வயது கூடக் கூட இந்த வரம்பும் கூடும். எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி. கட்டுமானம், ஷிப்யார்டு போன்ற வேலைகளுக்கு ஒர்க் பெர்மிட். அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று சட்டம் எதையும் சொல்லவில்லை.

எந்த பாஸாக இருந்தாலும் மனிதவள அமைச்சின் முன் அனுமதிக் கடிதம் வராமல் கிளம்பாதீர்கள். எல்லோரும் ஐபிஏ என்று சொல்வது இதைத்தான். ஒர்க் பெர்மிட்காரர்களின் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்குமான பிடித்தம் எல்லாம் வரி வரியாக இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகையையும் கடிதத்தில் இருக்கும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் கடிதத்தில் உள்ளதுதான் உங்கள் சம்பளம். “டூரிஸ்டாகப் போய் இறங்கி, அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

ஏஜென்டுக்குக் கொடுக்கும் பணம்

இந்தியாவில் அரசிடம் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி தனி. சிங்கப்பூர் முகவர் உங்களிடம் வாங்கக்கூடியது, வேலைக்காலத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் வீதம், எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக்கூடாது. வேலை தருவதற்காக முதலாளியே உங்களிடம் பணம் வாங்கினால் அது குற்றம். அரசுக்குக் கட்டும் லெவி, ஒர்க் பெர்மிட்டுக்கான 5,000 வெள்ளி பிணைத்தொகை, மருத்துவக் காப்புறுதி ஆகிய மூன்றும் முதலாளியின் செலவு. இவற்றின் பெயரைச் சொல்லி உங்களிடம் பணம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

இவ்வளவு இருந்தும் ஊரில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள், நாமும் நகையை வைத்துக் கொடுக்கிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் சம்பளம் 20 வெள்ளி, மாதம் 26 நாள் வேலை என்றால் 520 வெள்ளி. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. அறுபது மணி நேரம் பார்த்தால் சுமார் 245 வெள்ளி. மொத்தம் 765. கேட்டரிங் சாப்பாட்டுக்கு 150, போனுக்கு 15, சோப்பு, ஞாயிற்றுக்கிழமைப் பஸ், டீ எல்லாம் சேர்த்து 45. மிச்சம் 555 வெள்ளி, சுமார் 36,000 ரூபாய். 3 லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் முதல் மாத வட்டியே 6,000. வீட்டுக்கு 20,000 போனால் அசலுக்கு மிஞ்சுவது 10,000. அசல் குறையக் குறைய வட்டி குறைந்தாலும், கடன் முழுவதும் அடைய ஏறக்குறைய 24 மாதம் ஆகும். ஒர்க் பெர்மிட்டை ஒருமுறையில் பொதுவாக அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குத்தான் தருகிறார்கள். அதாவது இரண்டு வருட உழைப்பும் கடனோடு போய்விடும். நடுவில் வேலை போனாலோ ஓவர்டைம் நின்றாலோ கடன் மட்டும் நிற்கும்.

கட்டணம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வங்கி வழியாகக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். முகவரின் பதிவு எண்ணை இமைகிரேட் இணையதளத்தில் பாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் வெளிநாட்டு வேலைகளுக்கு ஆள் எடுக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள்.

கையில் எவ்வளவு வேண்டும்?

ஒர்க் பெர்மிட்டில் போகிறவருக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்வது முதலாளியின் கடமை. அவர்கள் பெரும்பாலும் துவாஸ், கிராஞ்சி, ஜூரோங் பக்கத் தங்குவிடுதிகளில் இருப்பார்கள். எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸில் போகிறவர்கள்தான் வீட்டைத் தாங்களே தேட வேண்டும். மாதச் சம்பளம், மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் தரப்பட வேண்டும் என்பது சட்டம். ஒன்றாம் தேதி சேர்ந்தால், முதல் சம்பளத்துக்கு 37 நாள்வரை காத்திருக்க நேரலாம். அதுவரை ஆகும் செலவு, ஓர் அறையில் தனியாகத் தங்கும் எஸ் பாஸ்காரருக்கு இப்படி வரும்:

- அறை கிடைக்கும்வரை ஒரு வாரம் லிட்டில் இந்தியா விடுதியில் ஒரு படுக்கை: சுமார் 280 வெள்ளி
- அறைக்கு முன்பணம் ஒரு மாதம்: 950
- முதல் மாத வாடகை: 950
- வீட்டு முகவருக்குத் தரகு, அரை மாதம்: 475
- முத்திரைத் தீர்வை, ஓராண்டின் மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு: 45
- மெத்தை, போர்வை, பாத்திரம்: 150
- சம்பளம் வரும்வரை சாப்பாடு, போக்குவரத்து: 650

கூட்டினால் 3,500 வெள்ளி. 72 ரூபாய் வீதம் 2,52,000. விமானச் சீட்டும் சான்றிதழ் சரிபார்ப்புச் செலவும் இதில் சேரவில்லை. நிறுவனத்தோடு பேசும்போதே முதல் இரண்டு வாரத் தங்குமிடம் தருவார்களா, சம்பள முன்பணம் தருவார்களா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். பல நிறுவனங்கள் கேட்டால்தான் தருகின்றன.

சிங்கப்பூரில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டிய மின்வருகை அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் போலி. பையில் மெல்லும் புகையிலை, வேப் எதுவும் வேண்டாம், இரண்டுக்கும் தடை. சிகரெட்டுக்கு வரிவிலக்கு இல்லை, ஒரு பெட்டியாக இருந்தாலும் சுங்கத்தில் சொல்ல வேண்டும். இதில் விழும் அபராதம் முதல் மாதக் கணக்கையே குலைத்துவிடும்.

அறை தேடும்போது

பெரும்பாலோர் வாடகைக்கு எடுப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடியில் ஓர் அறை. மாதம் 800 முதல் 1,200 வெள்ளிவரை கேட்பார்கள். குளியலறை சேர்ந்த பெரிய அறைக்கு இன்னும் கூடும். முழு வீடாக எடுத்தால் மூன்றறை வீட்டுக்கே 2,600 வெள்ளிக்கு மேல் ஆகும். தேக்கா, ஃபேரர் பார்க் பக்கம் வாடகை கூடுதல். பொங்கோல், செங்காங் பக்கம் போனால் குறையும், அங்கிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். ஈசூன், உட்லண்ட்ஸ் பக்கமும் பாருங்கள்.

பேசி முடிக்கும் முன் கேட்க வேண்டியவை: சமைக்க விடுவார்களா? ஏசிக்கு நேரக் கட்டுப்பாடு உண்டா? மின்சாரம், தண்ணீர், வைஃபை வாடகையில் அடக்கமா? விளம்பரத்தில் “லேசான சமையல்” என்று போட்டிருந்தால் அது பல வீடுகளில் கொதிக்க வைப்பதோடு நின்றுவிடும். தாளிக்க முடியாத வீட்டில் குடியேறினால் மூன்று வேளையும் வெளியில் சாப்பிட வேண்டும், வாடகையில் மிச்சம் பிடித்தது சாப்பாட்டில் போய்விடும். இந்தியர் என்றதும் தயங்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. முகவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

வீவக வீட்டில் ஆறு மாதத்துக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தம் செல்லாது. உங்களுக்கு வாடகைக்கு விடுபவர் வீட்டுச் சொந்தக்காரர்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முகவரின் பதிவு எண்ணை, வீட்டு முகவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான சிஇஏ-வின் இணையதளத்தில் சரிபாருங்கள். வீட்டை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே கூடாது. ஊரில் இருந்துகொண்டே அறை பிடிக்க நினைப்பவர்கள்தான் ஏமாற்றுக்காரர்களிடம் அதிகம் சிக்குகிறார்கள். விடுதியில் ஒரு வாரம் தங்கி நேரில் பார்ப்பதே நல்லது.

சாப்பாடும் போக்குவரத்தும்

தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் உணவங்காடி, இன்னொரு பக்கம் ஈரச்சந்தை. அங்காடியில் ஒருவேளைச் சாப்பாடு 4 முதல் 6 வெள்ளி. 1947-லிருந்து நடக்கும் கோமள விலாஸ் போன்ற உணவகத்தில் முழுச் சாப்பாடு என்றால் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காலையில் ஈரச்சந்தைக்குப் போனால் மீன், ஆட்டிறைச்சி கிடைக்கும். முருங்கைக்காய், வாழைப்பூ, கீரைக்குப் பக்கத்திலேயே பஃபலோ சாலைக் கடைகள். அரிசி, பருப்பு, மசாலாவுக்கு முஸ்தபா பேரங்காடி. இவற்றை ஊரிலிருந்து சுமந்து போய்ப் பெட்டிக்குக் கூடுதல் எடைக் கட்டணம் கட்டுவது வீண். மூன்று வேளையும் அங்காடியில் சாப்பிட்டால் மாதம் சுமார் 500 வெள்ளி ஆகும். இரவுச் சாப்பாட்டை மட்டும் அறை நண்பர்களோடு சேர்ந்து சமைத்தாலே நூறு வெள்ளிக்கு மேல் மிஞ்சும்.

பஸ், ரயில் கட்டணம் தூரத்தைப் பொறுத்து ஒரு வெள்ளிச் சொச்சத்திலிருந்து இரண்டரை வெள்ளிவரை. தினமும் இருமுறைக்கு மேல் நீண்ட தூரம் போகிறவர்கள் மாதப் பயண அட்டை வாங்குவது லாபமா என்று பார்க்கலாம். பொருள் சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. சில உணவகங்களில் பட்டியல் விலைக்கு மேல் வரியும் சேவைக் கட்டணமும் சேரும்.

மாதக் கணக்கு

3,300 வெள்ளி வாங்கும் எஸ் பாஸ்காரரின் ஒரு மாதம்: வாடகை 950, மின்சாரம், தண்ணீர், வைஃபை பங்கு 60, சாப்பாடு 500, போக்குவரத்து 120, போன் 20, மருத்துவம் போன்றவை 100, துணிமணி, இதரச் செலவு 150, வரிக்கு ஒதுக்க 45. மொத்தம் 1,945. மீதி 1,355 வெள்ளி, ஊருக்கு அனுப்பினால் சுமார் 88,000 ரூபாய்.

வரிக்கு ஒதுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் மாதாமாதம் வரி பிடிக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு மொத்தமாகப் பில் வரும், அதைத் தவணையிலும் கட்டலாம். ஆண்டில் 183 நாள் அங்கிருந்தால் குடியிருப்பாளர் விகிதம், ஆண்டு வருமானம் 60,000 வெள்ளி என்றால் சுமார் 1,900 வெள்ளி வரி. அதைவிடக் குறைந்த நாள் என்றால் 15 விழுக்காட்டிலிருந்து தொடங்கும். வேலையை விட்டுக் கிளம்பும்போது வரி தீரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுவனம் நிறுத்தி வைக்கும். திரும்பும் மாதத்துக்குக் கைப்பணம் தனியாக வேண்டும். வெளிநாட்டவருக்கு மத்திய சேமநிதி கிடையாது. உங்கள் வைப்புநிதியை நீங்களே சேர்க்க வேண்டும்.

பணம் அனுப்பச் சிராங்கூன் சாலைக் கடைகள் இரண்டு மூன்றில் விலை கேளுங்கள். 2023 பிப்ரவரி முதல் யுபிஐ, பேநவ் இணைப்பும் உண்டு. கட்டணத்தை மட்டும் பார்க்காமல் கடைசியில் ஊரில் எத்தனை ரூபாய் விழுகிறது என்று பாருங்கள்.

குடும்பத்தை அழைத்துப்போக

மனைவி, பிள்ளைகளுக்குச் சார்ந்தோர் பாஸ் எடுக்க மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருக்க வேண்டும். பெற்றோரையும் அழைத்துக்கொள்ள என்றால் 12,000. பிள்ளைக்கு அரசுத் தொடக்கப்பள்ளியில் இடம் கிடைத்தாலும் இந்தியக் குடிமக்களுக்கான கட்டணம் மாதம் 900 வெள்ளியைத் தாண்டும். அரசு மருத்துவச் சலுகையும் வெளிநாட்டவருக்கு இல்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரருக்குக் காப்புறுதி எடுத்துத் தரும் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஆறு மாதம் தனியாக இருந்து செலவைக் கண்ணால் பார்த்த பிறகு குடும்பத்தை அழைப்பதே என் யோசனை.

சிக்கல் வந்தால்

சம்பளம் வரவில்லை, கடிதத்தில் உள்ளதைவிடக் குறைகிறது என்றால் ஊரிலிருக்கும் ஏஜென்டிடம் அழுது பயனில்லை. சிராங்கூன் சாலையில் வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது. 6536 2692 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில், வேலையிழந்து வழக்கோடு நிற்கும் தொழிலாளருக்கு இலவசச் சாப்பாடு தருகிறது. கட்டுமானத் துறை ஒர்க் பெர்மிட்காரர்கள் பெர்மிட் முடிய 40 முதல் 21 நாள் இருக்கையில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். இது தெரியாமல் ஊருக்குத் திரும்பி, மறுபடி ஏஜென்டுக்குப் பணம் கட்டியவர்கள் நம்மில் உண்டு.

இந்தக் கணக்கை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். கடிதத்தில் உள்ள சம்பளம், மாதச் செலவு, கடன் தவணை என்று மூன்று வரி போதும். கடன் ஓராண்டுக்குள் அடைபடவில்லை என்றால் அந்த வேலைக்குப் போகாதீர்கள். நகையை மீட்க முடியும் என்று தெரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.