பிளஸ் ஒன் சேரப் போகும் பேத்திக்கு

செய்யாறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

தாத்தா எழுதுவது. பத்தாம் வகுப்பு மார்க்கை அம்மா போனில் படித்துக் காட்டியபோது தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அத்தனை சந்தோஷம். அதே போனில் அம்மா இன்னொரு சேதியும் சொன்னாள். வெளியூர் விடுதிப் பள்ளி ஒன்றிலிருந்து ஆள் வந்து அப்பாவிடம் பேசிவிட்டுப் போனாராம். ஃபீஸில் பாதி தள்ளுபடி, நீட் கோச்சிங்கும் சேர்த்து என்றாராம். மீதிப் பணத்துக்கு முதலாளியிடம் அட்வான்ஸ் கேட்கலாமா என்று அப்பா யோசிக்கிறாராம்.

இந்தக் கடிதம் அதற்காகத்தான். ஆரணி அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளை, இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருப்பதுதான் நல்லது. பாசத்தில் சொல்லும் வார்த்தை இல்லை. அரசுப் பள்ளியில் பாடம் நடத்திய அனுபவத்தோடு, சட்டத்தையும் கணக்கையும் பார்த்துத்தான் தாத்தா இதைச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் வந்தது. நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று முடிவு செய்தது. 2021ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. அப்படி இடம் கிடைப்பவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாறினால், இதுவரை படித்த ஐந்து வருஷமும் கணக்கில் வராது. பாதி ஃபீஸ் தள்ளுபடி என்று சொன்னவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்த பெண்களை முன்வைத்து வந்ததுதான். கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கே வரும். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். உன்னிடம் அதுவும் இருக்கிறது.

இனி படிப்பு. 1978ல் பியூசி போய் பிளஸ் டூ வந்ததிலிருந்து பெற்றோர் கண்ணில் படுவதெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் மட்டும்தான். அதனாலேயே பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. அதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 1,200 மார்க் 600 ஆனதும் அந்தச் சமயத்தில்தான். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பொதுத்தேர்வு இல்லை என்பதற்காகப் பிளஸ் ஒன்னை லேசாக விட்டுவிடாதே. கால்குலஸ் தொடங்குவது அங்கேதான், இயற்பியலில் விசையும் வெப்பமும் அலையும் வருவது அங்கேதான். நீட், ஜேஇஇ இரண்டிலும் இரண்டு வருஷப் பாடமும் கேட்கிறார்கள்.

குரூப் எடுக்கும்போது கூட்டத்தோடு போகாதே. டாக்டர் ஆகும் ஆசை இருந்தால் உயிரியல் வேண்டும். பொறியியல் என்றால் கணக்கு வேண்டும், அங்கே கட் ஆஃப் 200க்கு: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணக்கும் உயிரியலும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் இரண்டு வழியும் திறந்திருக்கும், ஆனால் உழைப்பு அதிகம். காமர்ஸ் குரூப்பை மார்க் குறைந்தவர்களின் குரூப் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆடிட்டர் படிப்புக்கும் வங்கி வேலைக்கும் அது நல்ல அடிப்படை. அறிவியல் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. செய்முறை வகுப்பை ஒருநாளும் தவறவிடாதே. டைட்ரேஷனில் நிறம் மாறுகிற அந்த ஒரு சொட்டைக் கண்ணால் பார்த்தவளுக்குக் கணக்கு தானாக வரும்.

பட்டு நெய்யும் ஆரணியில் பிள்ளைகளுக்கு இருக்கும் வசதி வேறு பல ஊர்களில் கிடைக்காது. உன் வீட்டுத் தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பார். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு நூல் மேலே எழும், இல்லாத இடத்தில் கீழேயே நிற்கும். உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே கட்டளையில் சேலையில் மயிலும் மாங்காயும் விழுகின்றன. பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804ல் அமைத்த கருவி அது. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் எந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க அந்த அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய 24,000 அட்டைகளை வைத்துப் பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று அவர் வீட்டில் இருந்தது. 1843ல் எடா லவ்லேஸ் அந்த எந்திரத்தைப் பற்றி எழுதிய குறிப்புகளிலும் ஜக்கார்டு தறி வருகிறது. கணினி அறிவியல் புத்தகத்தில் பைனரி என்று வரும்போது அப்பாவின் அட்டையை நினைத்துக்கொள். வேதியியலில் புரதம் வரும்போது பட்டு நூலை நினைத்துக்கொள். சாயம் போடுவதற்கு முன்னால் காய்ச்சி எடுக்கும் பசையின் பெயர் செரிசின், மிஞ்சும் இழை ஃபைப்ராயின், இரண்டும் புரதம். பசை போனால் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைவது ஏன் என்று ஆசிரியரிடம் கேள். வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அரசுப் பள்ளிகளில் சில பாடங்களுக்கு முதுகலை ஆசிரியர் பணியிடம் மாதக்கணக்கில் காலியாக இருப்பதுண்டு. விண்ணப்பம் கொடுக்கும் முன், நீ கேட்கும் குரூப்பில் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள். இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அம்மா அதை எழுப்பட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த அந்தக் குழுவில் பெரும்பான்மையோர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். அங்கே கேள்வி கேட்பது அம்மாவின் உரிமை, யாரிடமும் தயவு கேட்பதாக நினைக்க வேண்டாம். இன்னொன்று, மதிய உணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். தறி வீட்டில் காலை வேலை எப்படி இருக்கும் என்று தாத்தாவுக்குத் தெரியும். ராத்திரியே நாளைய சாப்பாட்டுக்கு என்ன என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு பிற்பகல் வகுப்பில் உட்காராதே.

அரசு தரும் சைக்கிளும் பாடப்புத்தகமும் பஸ் பாஸும் தானாக வந்துவிடும். ஆனால் ஒரு தேர்வுக்கு நீதான் முன்வந்து பெயர் கொடுக்க வேண்டும். அது தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. பிளஸ் ஒன் படிப்பவர்களில் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் தருகிறார்கள், பாதி இடம் அரசுப் பள்ளிக்கு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடம்தான் அதற்குப் பாடத்திட்டம், உனக்கு இன்னும் மறந்திருக்காது.   அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதே.

பாடம் மட்டும் பள்ளி இல்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர். ஏழு நாள் முகாமுக்குக் கிராமத்துக்குப் போனால், பத்துப் பேருக்கு முன்னால் நின்று பேசும் தைரியம் வரும். 2022ல் தொடங்கிய கலைத் திருவிழா பள்ளியிலிருந்து வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போகும். கோலம் போடும் கை உனக்கு, அங்கே ஓவியத்துக்குப் பெயர் கொடு. நூலகத்தில் வாரம் ஒரு புத்தகமாவது எடு. பி.டி. பீரியடில் கணக்கு டீச்சர் வந்து நின்றால், தோழிகளோடு சேர்ந்து மரியாதையாக விளையாட்டு நேரத்தைக் கேளுங்கள்.

வீட்டு வேலை பற்றி ஒரு வார்த்தை. தார் சுற்றிக் கொடுப்பது தப்பில்லை, தாத்தாவும் சின்ன வயதில் சுற்றியவர்தான். ஆனால் முகூர்த்த மாதங்களில் ஆர்டர் நெருக்கும்போது பள்ளிக்கு லீவு போடச் சொன்னால் முடியாது என்று சொல். அப்பாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

பட்டையே படிப்பாக்கவும் வழி இருக்கிறது. சேலத்தில் 1960ல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் டெக்ஸ்டைல் டெக்னாலஜி இருக்கிறது. வேறு பொறியியல் படிக்க நினைத்தால், தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியே இருக்கிறது, ஆரணியிலிருந்து பஸ்ஸில் போய்ப் படித்துவிட்டு வரலாம். இவற்றுக்கெல்லாம் கடன் வாங்கிப் போகும் விடுதிப் பள்ளி தேவையே இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். டி.சி. கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டாம். அப்பாவிடம் 7.5 சதவீத நிபந்தனையைப் படித்துக் காட்டு, முதலாளியிடம் அட்வான்ஸ் பேச்சு எடுக்க வேண்டாம் என்று தாத்தா சொன்னதாகச் சொல். திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய், எந்தெந்த குரூப்புக்கு ஆசிரியர் இருக்கிறார்கள் என்று கேட்டு வா. எந்த குரூப் எடுக்க நினைக்கிறாய், ஏன் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பு. போனில் வேண்டாம், எழுதியே அனுப்பு.

அன்புடன்,
தாத்தா