எந்த வீட்டுக்கு எந்தக் கள்ளி?

கள்ளி வாங்கப் புறப்படுகிறவர்கள் நர்சரியில் நின்று முதலில் பார்ப்பது அதன் உருவத்தையே. உருண்டையாகவும் தூணாகவும் ரோஜா இதழ் அடுக்கியது போன்றும் வரிசையாக நிற்கும் அச்சிறு தொட்டிகளில் மனம் லயிப்பது சகஜந்தான் என்றாலும், அந்தச் செடி எந்தப் பிரதேசத்து இரவுக்கும் எந்தப் பிரதேசத்து மழைக்கும் பழகியது என்று விசாரியாமல் வாங்கி வருவோமானால், கார்த்திகை மாதத்து அடைமழை ஓய்வதற்குள் அதன் அடித்தண்டு கூழாகிச் சரிவதைக் காண நேரும்.

மழை சரி, இரவு எதற்கு என்று கேட்கலாம். மற்றச் செடிகள் பகலில் செய்யும் சுவாச வியாபாரத்தை இவற்றில் பெரும்பாலானவை இரவில் செய்கின்றன. நீர் ஆவியாகிப் போய்விடாதபடி பகலில் தம் நுண்துளைகளை மூடிக்கொண்டு, இருட்டிய பின் திறந்து, கரியமிலவாயுவை வாங்கி அமிலமாக்கிச் சேமித்து வைக்கின்றன. இதற்கான பழைய தடயங்களில் ஒன்று நம் நாட்டிலேயே அகப்பட்டது. தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் சென்னை அரசாங்கத்தில் தாவர நிபுணராக விளங்கிய பெஞ்சமின் ஹைனே என்பவர், ரணகள்ளி இலை விடியற்காலையில் புளிப்பதையும், நண்பகலில் சுவையற்றுப் போவதையும், மாலையில் சற்றே கசப்பதையும் மென்று பார்த்துக் கண்டறிந்து எழுதிய கடிதம் 1815-ஆம் ஆண்டில் லண்டனில் அச்சாயிற்று. குளிர்ந்த இரவுகளுக்குப் பழகிய இனங்களுக்குப் புழுங்கும் இரவில் இந்தத் தொழில் தடுமாறிவிடுகிறது.

ஆகையால் முதல் தீர்ப்பு எச்செவேரியாவுக்கு எதிரானது. ரோஜா வடிவத்தால் எல்லாரையும் மயக்கும் இந்தச் செடி மெக்ஸிகோவின் உயர்ந்த மலைநாடுகளைச் சேர்ந்தது. உதகையிலும் கொடைக்கானலிலும் மழை நனையாத இடம் கொடுத்தால் செழிக்கும். சென்னை, திருச்சி, மதுரைவாசிகள் இதன்மேல் செலவிடும் பணம் அநேகமாகச் சில மாதத்து அலங்காரத்துக்கான வாடகைதான்.

சமவெளியில் வெயில் காயும் மொட்டைமாடி உள்ளவருக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது அடீனியம். ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் பிறந்த இச்செடி நம் சித்திரை வெயிலை ஓர் உபசாரமாகவே ஏற்றுக்கொண்டு, பருத்த அடிமரத்தின்மேல் இளஞ்சிவப்புப் பூக்களைச் சொரியும். கோடையில் தாராளமாகத் தண்ணீர் கேட்கும். மழையிலும் பனியிலும் இலை உதிர்த்து உறங்கும்போது நீரை ஏறக்குறைய நிறுத்திவிட வேண்டும். அதன் சாறு விஷமுள்ளது என்பதை மட்டும் மறக்கலாகாது.

அடீனியத்துக்குச் சமமாக வைக்கத்தக்கது நம்முடைய சதுரக்கள்ளி. இதை அமெரிக்கக் கள்ளிகளோடு சேர்த்து எண்ணுவது வழக்கமாயினும், உண்மையில் இது ஆமணக்குக்கும் மரவள்ளிக்கும் உறவு. கீறினால் பால் வடியும். அமெரிக்கக் கள்ளியிலோ முட்கள் சிறு பஞ்சுமெத்தை போன்ற புள்ளிகளிலிருந்து கொத்தாய் எழும், பெரும்பாலானவற்றில் பால் இராது. இந்த மண்ணின் மழையையும் வெயிலையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய சதுரக்கள்ளிக்கு நாம் செய்யவேண்டிய சிசுருஷை சொற்பமே. ஆயினும் அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையான உபத்திரவம் செய்யுமாதலால், தவழும் குழந்தை உள்ள வீட்டில் அதைத் தவிர்ப்பதே விவேகம்.

அமெரிக்கக் கள்ளிகளில் தூண்போல் வளரும் செரியஸும், பொன்னிற முட்களுடைய உருண்டைக் கள்ளியும், சிறு மாமில்லேரியாவும் நாலைந்து மணி நேர நேர்வெயில் கிடைக்கும் இடத்துக்கு ஏற்றவை. வெளிச்சம் குறைந்தால் அவை வெளிறி, உச்சி கூம்பி, உருவம் கெடும். சப்பாத்திக்கள்ளியைத் தொட்டியில் அடக்கியே வைக்க வேண்டும். வேற்று நாட்டிலிருந்து வந்து தென்னிந்தியத் தரிசுகளை அடைத்துக்கொண்ட அதன் ஓரினத்தை ஒடுக்க, 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு செதிற்பூச்சியையே வரவழைக்க வேண்டியிருந்தது. தவிரவும், அதன் பெரிய முள்ளைவிடக் கண்ணுக்குத் தெரியாத பூமுட்களே பொல்லாதவை. விரலில் ஏறினால் இரண்டு நாள் உறுத்தும்.

வெயிலே எட்டாத அடுக்குமாடி வீட்டாருக்கும் வழி உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஹவார்த்தியா, நம் மருள், இரவில் மலர்ந்து விடியுமுன் வாடுகிற நிஷாகந்தி ஆகிய மூன்றும் ஜன்னலோர வெளிச்சத்தில் திருப்தியடையும். பிரம்மகமலம் என்றும் சிலர் வழங்கும் நிஷாகந்தி, காட்டு மரங்களின்மேல் தொற்றி வளரும் அமெரிக்கக் கள்ளி இனமாதலால், மற்றக் கள்ளிகளைவிடச் சற்றே கூடுதலான ஈரமும் மட்கும் கேட்கும். சிவப்புத் தலை ஒட்டிய சிறு கள்ளியை மட்டும் யோசித்து வாங்குக: பச்சையமற்ற அந்தத் தலை அடியிலுள்ள பச்சைத் தண்டை உறிஞ்சி உயிர் வாழ்வது, சில வருஷங்களுக்குமேல் நிலைப்பது அபூர்வம்.

மண் விஷயத்தில் வகைக்கு வகை பெரிய பேதமில்லை. செம்மண் ஒரு பங்கு, மட்கு ஒரு பங்கு, பருத்த ஆற்றுமணலும் உடைத்த செங்கல் ஜல்லியும் சேர்ந்து இரண்டு பங்கு என்ற அளவு பொதுவாகப் போதும். அடியில் துளையுள்ள மண்தொட்டியே உத்தமம், பளபளக்கும் பீங்கான் கிண்ணம் அதமம். தண்ணீருக்கு நாள் குறித்து வைப்பது வீண். ஒரு தென்னை ஈர்க்கைத் தொட்டியின் அடிவரை செருகிச் சற்றுப் பொறுத்து உருவினால், அதில் மண் ஒட்டியிருக்கும்வரை செடிக்குத் தாகமில்லை; ஈர்க்கு உலர்ந்து வந்தால், அடித்துளை வழியே ஒழுகும்வரை ஊற்றிவிட்டு மறுபடி காயவிடலாம். ஐப்பசி பிறந்ததும் சதுரக்கள்ளி ஒன்றைத் தவிர மற்றவற்றைக் கூரைக்கடியில் ஒதுக்குவது நலம். கணுக்களில் வெள்ளைப் பஞ்சுபோல் மாவுப்பூச்சி தென்பட்டால், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சினால் ஒற்றியெடுத்துவிட்டு, பக்கத்துத் தொட்டிகளையும் சோதிக்க வேண்டும். அண்டை வீட்டிலிருந்து கிளை வாங்கி வருகிறவர்கள் அன்றே நடாமல், வெட்டுவாய் உலர்ந்து தழும்பாகும்வரை ஒரு வாரம் நிழலில் கிடத்திவைத்து, அதன்பின் உலர்ந்த மணலில் ஊன்றலாம். முதல் தண்ணீருக்கு இன்னும் சில நாள் பொறுக்கலாம்.