செவிலியர் எடுக்கும் முடிவும் குடும்பத்தாரின் பங்கும்



நம் வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால், "டாக்டர் என்ன சொன்னார்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். டாக்டர் வந்து பார்த்து, எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விடுகிறார். மீதி நேரம் முழுவதும், இரவு உட்பட, நோயாளி செவிலியரின் கண்காணிப்பில்தான் இருக்கிறார். அந்த நேரத்தில் உடல்நிலை மாறினால் அதை முதலில் கண்டுகொள்ள வேண்டியவர் அவரே.

செவிலியர் என்றால் டாக்டர் எழுதிய ஊசியையும் மாத்திரையையும் கொடுப்பவர் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இந்த மாதப் பாடத்தில் அவர் எப்படி முடிவெடுக்கிறார், அந்த முடிவு சரியாக அமைய நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

நான்கு படிகள்

அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் கிறிஸ்டின் டானர், செவிலியர்களின் முடிவுகளைப் பற்றிய ஏறக்குறைய 200 ஆய்வுகளைப் படித்து, 2006-இல் நான்கு படிகளாகத் தொகுத்துக் கொடுத்தார். முதலில் மாற்றத்தைக் கவனித்தல். இரண்டாவது, அந்த மாற்றத்துக்கு என்ன பொருள் என்று அறிதல். மூன்றாவது, தக்கதைச் செய்தல். நான்காவது, செய்ததன் விளைவைத் திரும்பிப் பார்த்தல். பாடப்புத்தக அறிவோடு, அந்த நோயாளியை எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறார் என்பதையும் பொறுத்தே செவிலியரின் முடிவு அமைகிறது என்பது அவர் கண்ட முக்கியமான உண்மை. அந்த அறிமுகத்தைச் செவிலியருக்குக் கொடுக்கக்கூடியவர்கள் குடும்பத்தாராகிய நாம்தான்.

சிறு மாற்றங்களின் கூட்டுத்தொகை

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் மதிப்பெண் அட்டை ஒன்றை வெளியிட்டு, 2017-இல் திருத்தியது. மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன், பிரஷர், நாடி, நினைவு, காய்ச்சல் ஆகிய ஆறையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். ஆக்சிஜன் வைத்திருந்தால் அதற்குத் தனியாக 2 சேரும். கூட்டுத்தொகை 5 ஆனால் டாக்டர் அவசரமாகப் பார்க்க வேண்டும். 7 ஆனால் அது அபாய நிலை. எல்லா மருத்துவமனையும் இந்த அட்டையை வைத்திருப்பதில்லை. ஆனால் நல்ல செவிலியர் எங்கும் கவனிப்பது இவற்றைத்தான்.

நிமோனியாவுக்காகச் சேர்ந்த பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு மூச்சு 22, நாடி 112, பிரஷரின் மேல் எண் 108, காய்ச்சல் 101 டிகிரி. ஆக்சிஜன் 96, நன்றாகப் பேசுகிறார். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் நம்மை அச்சுறுத்தாது. அட்டையிலோ மூச்சுக்கு 2, நாடிக்கு 2, பிரஷருக்கு 1, காய்ச்சலுக்கு 1 என்று 6 வந்துவிடுகிறது. நள்ளிரவில் செவிலியர் டூட்டி டாக்டரைக் கூப்பிடுவது இதனால்தான். "சும்மா பயமுறுத்துகிறார்கள்" என்று நாம் சொல்லிவிடக் கூடாது.

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பிப் பேசினால், அந்த ஒன்றுக்கே 3 மதிப்பெண். வாப்பா வழக்கமாக எப்படிப் பேசுவார் என்பது புதிதாகப் பார்க்கும் செவிலியருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாமல், "இவர் இப்படிப் பேசுபவர் இல்லை, சிஸ்டர்" என்று உடனே சொல்ல வேண்டும்.

எழுதியிருந்தும் போடாத ஊசி

காலை உணவுக்கு முன் இன்சுலின் என்று எழுதியிருக்கிறது. நோயாளிக்கோ குமட்டல், இட்லி தட்டில் அப்படியே இருக்கிறது. செவிலியர் சுகர் பார்க்கிறார்; 84 இருக்கிறது. எழுதியபடி ஊசியைப் போட்டால், சாப்பாடு இல்லாத உடம்பில் சுகர் 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம், பிறகு மயக்கம் என்று அது போகும். எனவே ஊசியை நிறுத்திவைத்து டாக்டரைக் கேட்கிறார்.

அவராகவே ரத்து செய்துவிடாததற்கும் காரணம் உண்டு. சாப்பாட்டுக்கென்று போடும் இன்சுலின் வேறு, நாள் முழுவதும் வேலை செய்யும் இன்சுலின் வேறு. டைப் 1 நீரிழிவு உள்ளவருக்கு இரண்டாவதை நிறுத்தினால் அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம்.

இந்த இடத்தில் நமது குடும்பங்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். ரமளானில் நோயாளி யாரிடமும் சொல்லாமல் நோன்பு வைத்திருந்தால், செவிலியரின் கணக்கு முழுவதும் தவறிவிடும். நோயாளி நோன்பை வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. அப்படியும் நோன்பு வைத்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கேட்டதும் கொடுக்காத ஊசி

நோயாளி இரவில் புரண்டு புரண்டு தவிக்கிறார். "தூங்க ஒரு ஊசி போடுங்கள்" என்று உடனிருப்பவர்கள் வற்புறுத்துகிறார்கள். செவிலியர் உடனே போடுவதில்லை. ஆக்சிஜன் குறைந்தாலும், உள்ளே ரத்தம் கசிந்தாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், வலி தாங்காவிட்டாலும் மனிதர் தவிப்பார். காரணம் தெரியும் முன் தூங்கவைத்துவிட்டால் அறிகுறி மறைந்துவிடும், நோய் மறையாது. முதலில் பரிசோதிக்கிறார், பிறகு டாக்டரிடம் பேசுகிறார். அந்தத் தாமதம் அலட்சியம் அல்ல. அதுவும் சிகிச்சையின் பகுதியே.

அதேபோல் நாம் கூப்பிட்ட நேரத்தில் அவர் வேறு கட்டிலுக்குப் போனால் கோபம் வருகிறது. ஒருவருக்கு டிரிப்ஸ் முடிந்திருக்கிறது, இன்னொருவருக்கு மூச்சுத் திணறுகிறது என்றால் அவர் மூச்சுத் திணறுபவரிடம்தான் முதலில் போக வேண்டும். நாளை அந்தக் கட்டிலில் நம்மவர் இருக்கலாம்.

நமது பொறுப்பு

1. வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் உறையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை எழுதிக் கொடுங்கள்.

2. நாட்டு மருந்து, சூரணம், கடையில் வாங்கிய வலி மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். திட்டுவார்களோ என்று தயங்க வேண்டாம்.

3. கேட்காமல் எதையும் ஊட்டாதீர்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவருக்கு அது இதயத் துடிப்பையே பாதிக்கலாம். அறுவை சிகிச்சைக்கு முன் அன்போடு கொடுக்கும் ஒரு தம்ளர் பால் மயக்கத்தின்போது நுரையீரலுக்குள் போகலாம்.

4. டிரிப்ஸின் வேகத்தையோ ஆக்சிஜன் திருகையோ நீங்களாக மாற்றாதீர்கள். மெதுவாகப் போவதாகத் தோன்றினால் கேளுங்கள்.

5. இரவில் உடனிருப்பவருக்கு நோயாளியைப் பற்றிய விவரம் தெரிந்திருக்க வேண்டும். ஆள் மாறும்போது, கடைசியாகச் சாப்பிட்டது, சிறுநீர் போனது, வலி எங்கே என்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

6. ஒரு மாற்றத்தைச் சொல்லியும் கவனிக்கப்படவில்லை என்றால், பொறுப்புச் செவிலியரிடமோ டூட்டி டாக்டரிடமோ பணிவாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

அகழ்ப் போரில் காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துக் கவனிக்கப்பட்டதை வரலாற்றில் படிக்கிறோம். நோயாளியைக் கவனிப்பது நம் சமுதாயத்தில் அன்றே மதிக்கப்பட்ட பணி. வார்டில் நம்மவரைப் பார்த்துக்கொள்ளும் சகோதரியிடமும் அந்த மதிப்போடு பேசுவோம்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு தாள் எடுத்து, வீட்டில் உள்ள பெரியவர்களின் நோய், மருந்து, அளவு, ஒவ்வாமை ஆகியவற்றை எழுதி, எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். அவசரத்தில் அந்த ஒரு தாளே செவிலியரின் முதல் முடிவைச் சரியாக்கும், இன்ஷா அல்லாஹ்.